ஊசி எழுதிய வரலாறு

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. மாணவ நண்பர்களே, இன்று நான் உங்களுக்குக் கூற விரும்புவது இரண்டு போர்வைகளின் வரலாறு.

அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ் அம்மையார். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. பின்னர் அவர் கணவரோடு ஏதென்ஸ் நகரின் அருகே பயிர்த்தொழில் செய்து வாழ்ந்தார்.

இரு துணிகளுக்கிடையே பஞ்சைப் பரப்பித் தைக்கும் குளிர்காலப் போர்வைகளில் விண்மீன், பூ, கட்டம் ஆகிய கோலங்களை அமைப்பது அந்நாட்டுப் பெண்டிர் வழக்கம். அம்மையாரோ துணித் துண்டுகளை மனிதராகவும் விலங்குகளாகவும் வெட்டி, மேலே பதித்துத் தைத்துக் கதை சொன்னார். மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி நாட்டுத் துணிச் சித்திரங்களை இம்முறை நினைவூட்டுகிறது என்று அறிஞர் கூறுவர்.

விவிலியக் காட்சிகள் 11 கொண்ட அவருடைய போர்வை, 1886இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் அதனை விலைக்குக் கேட்டார், அம்மையார் இசையவில்லை. சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியது. 10 டாலர் கேட்டவர், 5 டாலருக்கே கொடுக்க நேர்ந்தது. அப்போது ஒவ்வொரு காட்சியின் பொருளையும் அவர் விளக்க, ஆசிரியை அதனைக் குறித்துக்கொண்டார். விற்ற பின்னும், தம் போர்வையைக் காண அம்மையார் பலமுறை வந்தார்.

1898ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற மற்றொரு போர்வையில் 15 காட்சிகள் உள்ளன. 1780 மே 19 அன்று பட்டப்பகலில் வானம் இருண்டதும், 1833 நவம்பர் 13 அன்று எரிமீன்கள் மழையெனப் பொழிந்ததும் அவற்றுள் அடங்கும். இரண்டும் அம்மையார் பிறப்பதற்கு முன்னரே நிகழ்ந்தவை. தலைமுறை கடந்துவந்த அச்சத்தையும் வியப்பையும் அவர் ஊசிமுனையில் நிலைநிறுத்தினார் என்பதை எண்ணுந்தோறும் நான் வியக்கிறேன்.

அம்மையார் 1910இல் மறைந்தார். முதற்போர்வை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையிலும், மற்றது பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையிலும் இன்று போற்றப்படுகின்றன. துணி மட்டும் எஞ்சி, அவர் கூறிய விளக்கம் எழுதப்படாமற் போயிருந்தால், நாம் அழகைக் கண்டிருப்போம், கருத்தை இழந்திருப்போம்.

உங்கள் இல்லத்துப் பழைய பெட்டியில் பாட்டியார் தைத்த துணி ஏதேனும் இருக்கலாம். அவர் இருக்கும்போதே அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாற்றுப் பணியே.