பற்பீங்கானின் மேற்பரப்பும் வலிமையும்

1900-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லசு லேண்டின் முயற்சியால் பீங்கான் பல்லுறை பரவியது. பார்க்க அழகு, ஆனால் எளிதில் உடைந்தது. காரணம் புரிய உதவியவர் பல் மருத்துவர் அல்லர், இங்கிலாந்தின் வானூர்திப் பொறியாளர் கிரிஃபித். மேற்பரப்பிலுள்ள நுண்விரிசலின் முனையில் தகைவு குவிவதாலேயே கண்ணாடி உடைகிறது என்று 1921-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். கண்ணாடிக் கடைக்காரர் வைரமுனையால் ஒரு கோடு கிழித்து ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், பீங்கானும் அப்படித்தான். கடி சரிபார்க்க உறையைத் தேய்க்கும்போது புதிய கீறல்கள் விழுகின்றன. மீண்டும் மெருகுப்பூச்சிட்டுச் சுட்டால்தான் வலிமை திரும்பும் என்று நெடுங்காலம் நம்பினர். நன்றாக மெருகேற்றினாலே போதும் என்று பிற்காலச் சோதனைகள் பல காட்டின. சிர்க்கோனியா சற்று வேறு. இலேசாகத் தேய்த்தால் அதன் மேற்பரப்புப் படிகங்கள் உருமாறி விரிந்து விரிசலை நெருக்குகின்றன. மிகையாகத் தேய்த்தால் அதுவும் வலுவிழக்கும்.