உத்தரமும் பெல்ட்டும்

கும்பப்பூ அறுப்பு முடிஞ்ச கையோட எங்க பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சோம். தாத்தா கட்டின வீடு. மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. தெற்குச் சுவர்ல கரையான் ஏறி, அடி அரிச்சு, வெளிப்பக்கமா சாய ஆரம்பிச்சிருந்தது. வேற வழியில்லை. ஓட்டை இறக்கினோம், பட்டியலைக் கழற்றினோம். கழுக்கோலைப் பிரிக்கப் போனா அது அசையவே மாட்டேங்குது. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரல்ல. பக்கத்துத் திண்ணையில வெத்திலை போட்டுக்கிட்டிருந்த வயசான ஆசாரி சிரிச்சார். "அது ஒண்ணோட ஒண்ணு பூட்டிக் கிடக்கு மக்கா. முதல்ல வளையை உருவு. இழுத்தா வராது" என்றார்.

ஓட்டு வீட்டுக்குள்ள நின்னு அண்ணாந்து பார்க்காத பட்டணத்து வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரமாச் சொல்கிறேன். நாலு சுவருக்கும் தலையில சுத்திவர ஒரு கனத்த மரம் ஓடும். அதுதான் உத்தரம். நாலு மூலையிலும் ஒரு மரத்துல வெட்டின வாயில இன்னொரு மரம் இறங்கி உட்கார்ந்திருக்கும், மரஆணி அடிச்சிருக்கும். உத்தரத்து மேல கழுக்கோல்கள் சரிவா நிற்கும். ஒவ்வொரு கழுக்கோல்லயும் ஒரு துளை. அந்தத் துளைகள் வழியா நீளமா ஒரு சட்டம் கோர்த்து ஓடும். அதுதான் வளை. இரும்பு ஆணி ஒண்ணு கிடையாது. மொத்தக் கூரையும் கவிழ்த்து வச்ச கடவம் மாதிரி ஒரே பொருள். எங்க தெற்குச் சுவர் அத்தனை சாய்ஞ்சும் கூரை இறங்காம நின்னதுக்குக் காரணம் இதுதான்.

இதெல்லாம் வேடிக்கை பார்த்ததோட போயிருக்கும். புது வீட்டுக்கு வாசல்கால் மட்டம் வந்தப்போதான் பிரச்சினை வந்தது. பிளான் போட்ட பையன் சுத்திவர லிண்டல் பெல்ட் காட்டியிருந்தான். கொத்தனார், "சுத்திவர எதுக்கு அண்ணாச்சி? வாசல், ஜன்னல் மேல மட்டும் போட்டாப் போதும். கம்பியும் சிமென்டும் மிச்சம். நம்ம ஊருக்கு என்ன, பூகம்பமா வரப்போவுது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வீட்டுல அம்மா இருக்காங்க, பேரன் வந்து போறான். ரெண்டு நாள் வேலையை நிறுத்தி வச்சிட்டு, படிச்சவங்க நாலு பேரைக் கேட்டு, நானும் தேடிப் படிச்சேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஆசாரி சொன்ன வேலையைப் பெரிசாப் பார்க்கணும்னா தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகணும். 1601-ஐ ஒட்டித் தொடங்கினது, 18-ஆம் நூற்றாண்டுல மார்த்தாண்ட வர்மா காலத்துல விரிவாக்கினது. 1795 வரை திருவிதாங்கூருக்கு அதுதான் தலைநகர். இடம் நம்ம மாவட்டம், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. அதெல்லாம் பூகம்பத்துக்காகக் கட்டினது இல்லை. இந்த ஊர்ல தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து வேற. தண்ணி நிக்கக்கூடாது, காத்து தூக்கக்கூடாது. அதுக்குத்தான் அந்தச் சரிவும் அந்தப் பூட்டும்.

ஒண்ணு மறைக்காமச் சொல்லணும். இந்தப் பலமான வீடு எல்லாருக்கும் வாய்க்கல. திருவிதாங்கூர்ல தாழ்ந்த சாதின்னு ஒதுக்கி வச்ச மக்கள் மாடி வச்சு வீடு கட்டக்கூடாதுன்னு தடையே இருந்தது. பெரும்பாலானவங்களுக்கு ஓலைக்குடிசைதான். புயல்ல முதல்ல போறதும் அதுதான். அதனால "அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா" என்று யாராவது உருகும்போது, யாரோட வீடு என்று கேட்கத் தோணும்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். அதை சிமென்ட் வந்த பிறகு யாரோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சிருந்தேன். கதை வேற. 1931-ல பலுசிஸ்தான்ல, இப்போ பாகிஸ்தான், பெரிய பூகம்பம். அப்போ ரயில்வேயில எஸ். எல். குமார்னு ஒரு இளம் இந்திய இன்ஜினியர். குவெட்டாவுல ரயில்வே ஊழியர்களுக்கு பூகம்பம் தாங்கும் குடியிருப்பு கட்டுற வேலை அவர்கிட்ட வந்தது. செங்கல் சுவருக்கு நடுவுல, வீட்டைச் சுத்திவர, தண்டவாள இரும்பைக் கோர்த்துக் கட்டினார். 1935 மே 31 விடியுமுன்னே குவெட்டா நகரமே தரைமட்டம். இருபதாயிரத்துக்கும் மேல செத்தாங்க. குமார் கட்டின வீடுகள் நின்னுது. நம்ம ஆசாரி மரத்துல செஞ்சதை அவர் இரும்புல செஞ்சார், கணக்குப் போட்டு.

சும்மா சுவருக்கும் பெல்ட் போட்ட சுவருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வச்சு மேஜையை ஆட்டினா அட்டைப் பக்கமா விழுந்துரும். சுவரும் அப்படித்தான், தன் நீளவாக்குல தாங்கும், குறுக்கே தள்ளினா சாயும். நாலு சுவரையும் ஒரு கச்சையால கட்டிட்டா, ஒண்ணு சாயப் போகும்போது பக்கத்துச் சுவர் பிடிச்சுக்கிடும். கான்பூர் ஐஐடியில பூகம்பப் பொறியியலுக்குன்னு ஒரு தகவல் மையம் இருக்கு. அங்க சி. வி. ஆர். மூர்த்தி என்கிற பேராசிரியர் எழுதின சின்னச் சின்னப் பாடங்களை யாரும் காசில்லாம எடுத்துப் படிக்கலாம். என் மகன் போன்ல எடுத்து அர்த்தம் சொன்னான். அடித்தளத்துல ஒரு பெல்ட், லிண்டல்ல ஒண்ணு, கூரைக்குக் கீழ ஒண்ணுன்னு சொல்லிட்டு, இதுல லிண்டல் பெல்ட்தான் எல்லாத்துலயும் முக்கியம்னு எழுதியிருக்கார். அளவும் உண்டு. குறைஞ்சது மூணு அங்குலக் கனம், 8 மில்லி கம்பி ரெண்டு வரி, ஆறு அங்குலத்துக்கு ஒரு 6 மில்லிக் கட்டுக்கம்பி. இந்திய தர நிர்ணயத்துலயும் இதுக்கு 1967-லேயே விதி வந்திருக்கு. மண்சுவர் வீட்டுக்குக்கூட 1993-ல தனியா ஒண்ணு போட்டிருக்காங்க. மண்ணு மட்டம்னு அவங்க ஒதுக்கல்ல. அது எனக்கு சந்தோஷமா இருந்தது.

"பூகம்பமா வரப்போவுது" என்று கேட்டார் இல்லையா கொத்தனார். பூகம்பம் இங்க வரவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் ஆடினதுக்கு நம்ம கரையில கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடின்னு பிணம் எண்ணினோம். ரெண்டு நாள் கழிச்சு மணக்குடிப் பாலத்தைப் பார்க்கப் போனேன். பழையாறு கடல்ல சேருற இடம். தூண் எல்லாம் அப்படியே நிக்குது. மேல் தளம் இல்லை! அத்தனை டன் காங்கிரீட்டைத் தண்ணி தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் போட்டிருந்தது. தளம் தூண் மேல சும்மா உட்கார்ந்திருந்ததுதான், பிடிமானம் கிடையாதுன்னு பிறகு வந்து ஆராய்ஞ்ச இன்ஜினியர்கள் எழுதினாங்க. எடை இருந்தா யார் தூக்கப்போறான்னு நினைச்சிருப்பாங்க போல. பக்கவாட்டுல தள்ளினா மட்டுமில்ல, அடியிலிருந்தும் தண்ணி தூக்கும்.

அதே நாள், அதே கடல், கொஞ்சம் கிழக்கே குமரிமுனைப் பாறையில வள்ளுவர் நின்னார். 133 அடி. பீடம் 38, சிலை 95. கணபதி ஸ்தபதி வேலை, 2000 ஜனவரி 1-ல திறந்தது. உள்ளே முழுக்கக் கல் நிரப்பி எடையில நிறுத்தினது இல்லை. உள்கூடு வெற்றிடம். அதுக்குள்ள கல் உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாப் பாய்ச்சிப் பிணைச்சிருக்காங்க. பாறை மேல இருந்ததும் ஒரு காரணம்தான், அதையும் சொல்லணும். மணல்ல நின்ன கொட்டில்பாடு வீட்டுக்கு அந்த வசதி இல்லை. அலை அடிக்கிற தூரத்துல பெல்ட் ஒண்ணும் கவசம் இல்லை. அங்க ஓடுறதுதான் வழி.

எங்க விவசாயிகளுக்கு நினைவுல நிக்கிறது ஓக்கி. 2017 நவம்பர் 30. எங்க தெருவுல தகரக்கூரை மூணு பறந்துபோய் வயல்ல கிடந்தது. எங்க பழைய வீட்டுல நாற்பது ஐம்பது ஓடு போச்சு, கழுக்கோல் ஒண்ணு நகரல்ல. வாழைக்கு நான் எவ்வளவு முட்டு கொடுத்திருந்தேன் தெரியுமா? எல்லாம் படுத்துட்டு. அது வேற கதை.

கொத்தனார்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டார், பாதி பீடி குடிச்சார். "உங்க காசு, உங்க வீடு" என்று கம்பி கட்ட ஆரம்பிச்சார். சாயங்காலம் போய்ப் பார்த்தா மூலையில கம்பியை வெட்டி நிறுத்தியிருக்கார். சுவரோட சுவர் பிணையணும்னுதானே இத்தனை பாடு! மூலையில கம்பி வளைஞ்சு அடுத்த சுவருக்குள்ள நீளமாப் போகணும். நாலு மூலையையும் அவிழ்த்து மறுபடி கட்ட வச்சேன். ஒரு நாள் கூலி கூடுதலா ஆச்சு, முகமும் கோணலாச்சு.

காங்கிரீட் போடுறதுக்கு முன்னால ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூலை மூலையா நடந்து குனிஞ்சு பார்த்தார். "உத்தரம்தான்" என்றார். பழைய உத்தரமும் கழுக்கோலும் தொழுவத்துச் சுவரோரம் சாய்ச்சு வச்சிருக்கு, ஆஞ்சிலி மரம், இன்னும் உளுக்கல்ல. மாட்டுத்தொழுவத்துக்கு அதையே கூரையாப் போடலாம்னு இருக்கேன். வளையைக் கோர்க்க அவர்தான் வரணும். கண்ணு தெரியல, பேரனைக் கூட்டிக்கிட்டு சித்திரையில வாறேன்னு சொல்லியிருக்கார்.