ஹெசரகட்டா புல்வெளி: பறவை நோக்கலின் வரலாறு

ஹெசரகட்டா புல்வெளி கர்நாடகத்தில், பெங்களூரு நகரின் வடமேற்கே ஹெசரகட்டா ஏரியை ஒட்டி அமைந்துள்ளது. பெங்களூருவைச் சூழ்ந்திருந்த இயற்கைப் புல்வெளிகளில் இன்றும் பெரிய அளவில் எஞ்சியிருப்பது இதுவே. ஐந்தாயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்த இந்நிலத்தின் மதிப்பு பறவை நோக்குவோரின் குறிப்பேடுகள் வழியாகவே வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஏரியும் புல்வெளியும்

மைசூர் அரசின் திவான் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில், 1894-ல் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே ஹெசரகட்டா நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. 1896 முதல் இங்கிருந்து பெங்களூருக்குக் குடிநீர் சென்றது. நகரம் வளர்ந்ததால் இந்நீர் போதாமல் போய், 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. பிற்காலத்தில் ஹெசரகட்டா ஏரி பல ஆண்டுகள் வறண்டே கிடந்தது.

ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி கால்நடை பராமரிப்புத் துறையின் வசம் இருந்தது. தீவனத்துக்கான புல்லும் மேய்ச்சலுமே அதன் பயன். வீட்டுமனைகள் பெருகிய காலத்திலும் இந்த வெளி கட்டடங்களிலிருந்து தப்பியதற்கு இதுவே முதன்மைக் காரணம். பறவைகளைக் காக்கும் நோக்கம் அன்று எவருக்கும் இருக்கவில்லை.

பறவைகள்

வானம்பாடி, நெட்டைக்காலி, கவுதாரி, காடை, ஆள்காட்டி ஆகியவை இங்கு தரையிலேயே கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வலசை வருகின்றன. பகலில் புல்லின்மேல் தாழப் பறந்து இரை தேடும் இவை இரவில் மரங்களை நாடுவதில்லை. புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக அடைகின்றன. ஆகவே புல்வெளியில் மரம் நடுவது இவற்றின் உறைவிடத்தை அழிப்பதாகும். மிக அரிதான வரகுக்கோழியும் இங்கு படமெடுக்கப்பட்டுள்ளது.

பறவை நோக்குவோர்

பெங்களூருவில் 1970-களில் ஜோசப் ஜார்ஜ் முதலானோரின் முயற்சியால் பறவை நோக்குவோர் களக்கழகம் உருவானது. உறுப்பினர்கள் நகரைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வெளிகளுக்கும் சென்று, கண்ட பறவை, நாள், இடம் ஆகியவற்றைக் குறித்தனர். இக்கழகம் 1994-ல் ஜார்ஜைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பெங்களூருப் பறவைகளின் விளக்கப் பட்டியலை வெளியிட்டது. பொழுதுபோக்காகத் தொடங்கிய குறிப்புகள் பின்னாளில் சான்றுகளாயின. புல்வெளியை வெறும் தரிசு என்று சொல்வோருக்கு அளிக்கத்தக்க விடை அவற்றில் இருந்தது.

பாதுகாப்புக்கான போராட்டம்

இந்திய நில ஆவணங்களில் புல்வெளிகள் நெடுங்காலமாகத் தரிசு நிலமாகவே வகைப்படுத்தப்பட்டன. காடு என்ற தகுதி இல்லாததால் வனச் சட்டங்கள் அவற்றைக் காக்கவில்லை. ஹெசரகட்டாவில் திரைப்பட நகர் அமைக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டது. பறவை ஆர்வலர்களும் சூழலியலாளர்களும் இதனை எதிர்த்து, இவ்விடத்தைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கக் கோரினர்.

2021 ஜனவரியில் மாநில வனவிலங்கு வாரியம் இக்கோரிக்கையை நிராகரித்தது. தங்கள் மேய்ச்சலும் வேளாண்மையும் தடைபடும் என்று உள்ளூர் மக்களிடம் இருந்த அச்சம் எதிர்ப்புக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2024 அக்டோபரில் வாரியம் காப்பகத்துக்கு ஒப்புதல் அளித்தது.

பாதுகாப்புக் காப்பகம் என்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட வகை. இது அரசு நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். மேலாண்மைக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளும், வேளாண்மை, கால்நடைத் துறைகளின் பிரதிநிதிகளும் இடம்பெறுவர். தேசியப் பூங்காவைப் போல மக்களை முற்றிலும் வெளியேற்றும் ஏற்பாடு இதில் இல்லை.

முக்கியத்துவம்

ஹெசரகட்டா நகரின் குடிநீருக்காக ஒரு காலத்தில் பேணப்பட்ட அர்க்காவதிப் படுகையின் பகுதி. மழைநீரை நிலத்தில் இறக்கும் புல்லும், அதில் வாழும் பறவையும், அதில் மேயும் மாடும் ஒரே நிலத்தையே நம்பியுள்ளன. இம்மூன்றையும் சேர்த்துக் காப்பதில்தான் காப்பகத்தின் வெற்றி அடங்கியுள்ளது.