பிள்ளைக்கு எத்தனை வயசு?

சமயநல்லூர் வழியாகத் தண்டவாளம் போட்டு மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். அதற்கு முன்பும் எங்கள் ஊரில் பிள்ளையைப் பார்த்து வயசு கேட்டவர்கள் உண்டு. ஜோசியர் கேட்பார், காது குத்த வந்த ஆசாரி கேட்பார், விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆனால் பதிலைப் பொறுத்துக் காசு வாங்குகிற கேள்வியாக அது மாறியது டிக்கெட் வந்த பிறகுதான். அன்றிலிருந்து வயசுக்கு மீறி வளர்ந்த குழந்தையின் தாய் வாசலுக்கு வாசல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பணி ஓய்வு பெறும்வரை இந்தப் பக்கத்து ஊர்களில் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான். குழந்தையின் பிறந்த தேதியையும் எடையையும் உயரத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதுவது என் வேலை. தேதி ஒன்று சொல்லும், உடம்பு வேறொன்று சொல்லும் என்பதை அந்தப் பதிவேடு எனக்கு மாதாமாதம் காட்டியது. அதனால்தான் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

அரை டிக்கெட்டுக்கு வேர் 1844-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் போட்ட ரயில்வே சட்டத்தில் இருக்கிறது. அப்போது வர்த்தகத் துறையைக் கவனித்தவர் கிளாட்ஸ்டன். ஏழைகளும் ரயிலில் போகவேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக்கூடாது, நாளுக்கு ஒரு வண்டியாவது அப்படி ஓடவேண்டும் என்பது அந்தச் சட்டம். அதிலேயே குழந்தைகளுக்கும் வழி வைத்தார்கள். மூன்று வயது நிறையாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. மூன்று முதல் பன்னிரண்டுக்குள் பாதி. ஏழைக் குடும்பம் பிள்ளைகளோடு பயணம் போகட்டும் என்ற இரக்கத்தில் பிறந்த விதி அது. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே மூன்றும் பன்னிரண்டும்தான் நம் அரசு பஸ்களிலும் நெடுங்காலம் இருந்தன. 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்து எங்கள் பக்கம் அரசு பஸ் ஓடத் தொடங்கிய பிறகு, பெரியார் நிலையம் போகிற வண்டியில் இந்தப் பேச்சைக் கேட்காத பயணி இருக்கமாட்டார்.

“ஏம்மா, இதுக்கு மூணு முடியலைன்னு சொன்னா யாரு நம்புவா?”

“சத்தியமா ரெண்டுதாண்ணே முடிஞ்சிருக்கு. அவுக அப்பா மாதிரி வளத்தி.”

சொல்லிவிட்டு அந்தத் தாய் பிள்ளையின் காலை மடக்கி மடியில் இருத்திக்கொள்வாள். கண்டக்டரையும் குறை சொல்ல முடியாது. பரிசோதகர் ஏறினால் பதில் சொல்லவேண்டியவர் அவர். கையில் இருக்கிற ஒரே அளவுகோல் அவருடைய கண். இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் பக்கம் இரண்டாவது பிறந்தநாள் முடிந்ததுமே “மூணு நடக்குது” என்பார்கள். தாய் உண்மையைத்தான் சொல்வாள், கண்டக்டர் காதில் மூன்று என்று விழும், சீட்டு கிழியும்.

உடம்பைப் பார்த்து வயதை முடிவு செய்வதற்கு இதைவிடக் கொடிய வரலாறு ஒன்று உண்டு. அது ஆலைகளின் வரலாறு. இங்கிலாந்தில் 1833-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளையை நெசவாலையில் சேர்க்கக்கூடாது என்றது. பிறப்புப் பதிவு இல்லாத காலம். அந்த வயதுக்குரிய உடல்வாகு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சான்று தந்தால் போதும். வளர்த்தியான ஏழு வயதுப் பிள்ளை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது. எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து, உயரத்தைவிடப் பல் முளைப்பதே வயதுக்கு நம்பகமான அடையாளம் என்று 1837-ல் ஒரு நூல் எழுதினார். உயரத்தை நம்பினால் பிள்ளைகள் ஏமாற்றப்படுவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

நம் நாட்டில் 1881-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதில் வேலைக்குச் சேரலாம் என்றது. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால் நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை. 1891-ல் குறைந்தபட்ச வயதை ஒன்பதாக்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மதுரையிலும் ஹார்வி மில் ஓடத் தொடங்கியது. அந்தச் சட்டங்களின் காலத்தில் பெரியவனாகத் தெரிந்த சிறுபிள்ளை இழந்தது அரை டிக்கெட் காசை அல்ல, பிள்ளைப்பருவத்தையே.

பள்ளிக்கூடத்து அளவுகோல் எல்லாருக்கும் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருசம். இதைப் பலர் கேலியாகப் பேசுவார்கள். ஆனால் அதில் ஒரு யோசனை இருந்தது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்கு. வயது ஏற ஏறத் தலையைவிடக் கை வேகமாக நீளும். ஆகவே காதைத் தொடும் சோதனை பார்ப்பது மொத்த உயரத்தை அல்ல, தலைக்கும் கைக்கும் உள்ள பொருத்தத்தை. வளத்தியான மூன்று வயதுப் பிள்ளைக்கும் பொதுவாகக் காது எட்டாது. சுவரில் கோடு போட்டு நிறுத்துவதைவிட அது நியாயமான சோதனை. ஆனாலும் சத்துக் குறைந்த பிள்ளை அதிலும் பின்தங்கும்.

காது எட்டியதும் தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்பார். “அழகர் ஆத்துல எறங்குனதுக்கு மறுவாரம்”, “வைகையில வெள்ளம் வந்த வருசம் ஐப்பசி” என்று பதில் வரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து நிறைந்திருக்கும்படி அவரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே, ஜூன் மாதங்களில் பிறந்தநாள் வருவது அதனால்தான்.

அந்த நிலையை மாற்றிய வேலையில் மதுரை மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் முதன்முதலாகத் தொடங்கியது அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு தந்தார்கள். அந்தப் புள்ளியைச் சரியான இடத்தில் வைக்க, பிறந்த மாதம் சரியாகத் தெரியவேண்டும். கிராமத்துத் தாய்மார் பிள்ளையின் தேதியை நினைவில் வைத்துச் சொல்லப் பழகியது இப்படிப்பட்ட எடைத் தராசுகளின் முன்னால்தான்.

உயரம் அளப்பது பிறகு வந்தது. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்கவேண்டும், அதன்பிறகு நிற்கவைத்து. “அளக்காதீக டீச்சர், கண்ணு பட்டுரும்” என்று தடுத்த பாட்டிகள் பலர். அளந்தபோது நான் கண்டது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளில், இரண்டு வயது முடிந்த ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் 87 செ.மீ. நல்ல வளத்தியான பிள்ளை 93 வரை இருக்கும். மூன்று முடிந்த குள்ளமான பிள்ளை 89-லும் இருக்கும். இரண்டும் ஆரோக்கியமான குழந்தைகளே. பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு வயதுப் பிள்ளைதான் அண்ணனாகத் தெரியும். அந்த அளவுகளை வகுக்க ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள்; நம் நாட்டில் அளந்த இடம் டெல்லி.

இப்போது அந்தப் பழைய கேள்வி தீம் பார்க் வாசலுக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு அடுத்த பரவையில் அதிசயம் என்ற பூங்கா இருக்கிறது. பள்ளி விடுமுறை விட்டால் திண்டுக்கல் சாலை முழுக்க வேன்கள். உலகமெங்கும் பூங்காக்களில் இரண்டு வழக்கம். அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், கணக்கு வயதுதான். நம் தென்னாட்டின் வொண்டர்லாவில் கணக்கு உயரம்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். இரண்டாவது முறையில் வாக்குவாதம் இல்லை, சான்றிதழ் தேட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைகளில் பலர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் வளத்தி. இரண்டே கால் வயதில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். வயதைத்தான் பார்ப்போம் என்று பலகை சொன்னது. வாசலில் இருந்தவர் அவனைப் பார்த்துவிட்டு எங்களை நம்பவில்லை. காசு பெரிதில்லை. “நாலு வயசுப் பையனுக்குப் பொய் சொல்லிக் கூட்டியாந்திருக்காக” என்று வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வைதான் என் மகளை வாட்டியது. உள்ளே போன பிறகும் அவன் அழுதால், இவ்வளவு பெரிய பையன் அழலாமா என்று கேட்டார்கள். இரண்டு வயதுப் பிள்ளை அழத்தான் செய்யும். உருவத்தைப் பார்த்து வயதை ஏற்றிச் சொல்கிறவர்கள், அறிவையும் பொறுமையையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள்.

ராட்டினத்தின் அருகே உயரக் கோடு இருப்பது மிகவும் சரி. இடுப்புக் கம்பி பிள்ளையின் உடம்பைத்தான் பிடித்து நிறுத்துகிறது, பிறந்த தேதியை அல்ல. அங்கே பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. எந்தத் தாயும் மன்றாடக்கூடாது. நுழைவுக் கட்டணம் வேறு. அது மழலைக்குக் கொடுக்கிற சலுகை, மழலை என்பது வயது.

இன்று சான்றுக்குக் குறைவில்லை. 1969-ம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாளில் பதியவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நீலநிற ஆதார் உண்டு, தடுப்பூசி அட்டை எல்லா வீட்டிலும் உண்டு. கைபேசியில் இவற்றில் ஒன்றின் படம் இருந்தால் போதும் என்று பூங்காக்கள் பலகையிலேயே எழுதிவைக்கலாம். வளத்தியான பிள்ளையைப் பெற்றவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் காலை மடக்கச் சொல்லாதீர்கள்.

சான்று கையில் இல்லாதபோது? நம் நாட்டின் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே இதற்கு வழிகாட்டிவிட்டது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது என்கிறது அதன் 14-வது பிரிவு. 2022 மே மாதம் தமிழ்நாடு அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை என்று அறிவித்ததும், இரண்டா மூன்றா என்ற சச்சரவு ஒரே நாளில் பொருளற்றுப் போனது. பூங்காக்களும் இலவச வயதைக் கொஞ்சம் உயர்த்தலாம். சந்தேகம் வந்தால் தாயின் வாக்கை ஏற்கலாம். நாலைந்து பேர் ஏமாற்றினால் நட்டம் நாலைந்து டிக்கெட். நம்பாமல் விட்டால், உண்மை சொன்ன ஒரு தாய் தன் பிள்ளையின் முன்னால் பொய்க்காரி ஆகிறாள். இந்த இரண்டில் எது பெரிய நட்டம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.