இஸ்கியா 1998: ஆனந்தும் கடிகாரமும்

சதுரங்கத்தில் மனிதனால் இனியும் கணினியை வெல்ல முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் 1997இல் நியூயார்க்கில் டீப் ப்ளூவிடம் காஸ்பரோவ் தோற்றதையே சான்று காட்டுகிறோம். என் பார்வையில் அதைவிட ஆழமான சான்று நம்மவருடையது. மறு ஆண்டு இத்தாலியின் இஸ்கியாத் தீவில் ரெபெல் 10 என்ற மென்பொருளோடு விசுவநாதன் ஆனந்த் எட்டு ஆட்டங்கள் ஆடினார். 5–3 என்று ரெபெல் வென்றது.

அந்தக் கூட்டுத்தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கில் ரெபெல் 3–1. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1½–½. நாற்பது நகர்வுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்த இரண்டு ஆட்டங்களில் மட்டும் ஆனந்த் 1½–½. மின்னல் வேகத்துக்குப் பெயர்போன ஆனந்தே வேகத்தில் தோற்று, நிதானத்தில் வென்றார். கணக்கிடுவதில் பின்தங்கிவிட்ட மனிதன், நிலையை எடைபோடுவதில் அப்போதும் முன்னே நின்றான் என்பதே இதன் பொருள்.

அந்த முன்னிலை நீடிக்கவில்லை. 2005இல் லண்டனில் ஹைட்ரா என்ற கணினியிடம் கிராண்ட்மாஸ்டர் ஆடம்ஸ் ½–5½. 2006இல் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் மென்பொருளிடம் உலக சாம்பியன் கிராம்னிக் 2–4. 2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற மென்பொருள் தன்னோடு தானே ஆடி எடைபோடக் கற்றது; 2020இல் ஸ்டாக்ஃபிஷும் நிலையை மதிப்பிட நரம்பியல் வலையைச் சேர்த்துக்கொண்டது. நம் கடைசிப் பலமும் கணினியிடம் போயிற்று. உடைக்க முடியாத அரண் அமைந்த சில நிலைகளில் இன்ஜின் எனப்படும் இத்தகைய சதுரங்க மென்பொருள் இன்றும் தடுமாறுவதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அத்தகைய நிலையைப் புதிராக அமைப்பது வேறு, ஆட்டத்தில் அதுவரை தாக்குப்பிடிப்பது வேறு.

ஆகவே நேருக்கு நேர் மோதலில் விடை 'முடியாது' என்பதே. ஆனால் இன்ஜினின் மதிப்பெண்ணை ஆட்டத்தின் முழு உண்மையாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டத்துக்கான பதினான்காம் ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆயினும் இன்ஜின் கணக்கில் அது சமநிலை. அவர் டிராவுக்கு இறங்கி வராமல் நெருக்கிக்கொண்டே இருந்தார். 55ஆம் நகர்வில் டிங் லிரென் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றினார்; மூலையில் முடங்கிய டிங்கின் பிஷப்புக்கும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்கு மீட்சி இல்லை. களைத்த மனிதன் எங்கே தவறுவான் என்பது அந்த மதிப்பெண்ணில் அடங்குவதில்லை.

அதே குகேஷை, 2500 தரப்புள்ளியை எட்டும்வரை இன்ஜினைத் தொடவிடாமல் பழக்கினார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. இது நம் கிராமங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். சிறுவன் ஆனந்துக்குச் சென்னையின் தால் செஸ் கிளப் வாய்த்தது. தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டைச் சிறுமிக்கு அப்படியொரு கிளப் பக்கத்தில் இல்லாவிட்டாலும், உலக சாம்பியனை வீழ்த்தும் ஸ்டாக்ஃபிஷ் அவள் கைபேசியில் இலவசமாகவே இறங்கும். அவளுக்குத் தேவை, அதைத் திறக்குமுன் தன் ஆட்டத்தைத் தானே அலசி, எந்த நகர்வை ஏன் ஆடினாள் என்று நோட்டில் எழுதவைக்கும் ஓர் ஆசிரியர். சதுரங்க வளர்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு அத்தகைய ஆசிரியர்களுக்கே போக வேண்டும்.