நைல் நீர்மட்டப் பதிவும் அதன் வரைபடங்களும்

கெய்ரோவின் ரோடா தீவில் அப்பாசியக் கலீபா அல்-முத்தவக்கில் கி.பி. 861இல் அமைத்த அளவுத்தூணோடு தொடர்புடைய நீர்மட்டக் குறிப்புகள், உலகின் மிக நீண்ட ஆற்றுப் பதிவுகளுள் ஒன்று. கிணறு போன்ற குழிக்குள் நிற்கும் எண்கோணப் பளிங்குத் தூணில் முழக்கணக்கில் கோடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. வெள்ளம் 16 முழத்தைத் தொட்டால் விளைச்சலுக்கு உறுதி. மிகக் குறைந்தால் பஞ்சம். வரி விதிப்பும் இதையொட்டியே நடந்தது.

இந்தத் தூணுக்கு முந்தைய காலத்தையும் சேர்த்து, 622 முதல் 1284 வரையிலான ஆண்டுக் குறைந்தபட்ச மட்டங்களை அட்டவணையாகப் பார்த்தால் வெறும் எண்கள்தாம். கோட்டு வரைபடமாக்கினால், தாழ்ந்த ஆண்டுகளும் உயர்ந்த ஆண்டுகளும் கூட்டங்கூட்டமாக வருவது தெரியும்.

இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் எகிப்தில் பல்லாண்டு பணியாற்றிய பிரிட்டிஷ் நீரியலாளர் ஹெரால்டு ஹர்ஸ்ட். ஒவ்வோர் ஆண்டின் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, அந்த விலக்கங்களை அடுத்தடுத்துக் கூட்டிக்கொண்டே போய் வரைந்தார். நல்ல ஆண்டுகள் தொடர்ந்தால் கோடு ஏறும். வறண்டவை தொடர்ந்தால் இறங்கும். ஆற்றின் ஆண்டு வரத்தை இப்படி வரைந்தால், உச்சிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியே சீரான நீர்வழங்கலுக்கு அணை கொள்ள வேண்டிய அளவு. ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவையானால் அந்த இடைவெளி ஆண்டு எண்ணிக்கையின் 0.5 அடுக்காக வளரும். பல இயற்கைத் தொடர்களை ஆராய்ந்த ஹர்ஸ்ட், 1951இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த அடுக்கு சராசரியாக 0.73 என்று காட்டினார். நீரியலின் பெருங்கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. இடைவெளி இப்படி எதிர்பார்ப்பைவிட வேகமாக வளர்வதால், சில பத்தாண்டுத் தரவை மட்டும் நம்பி அணை கட்டுவது ஆபத்து.

1970இல் நைலின் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் கெய்ரோவுக்கு ஆண்டு வெள்ளம் வருவதில்லை.