பூனைமேல் விழுந்த பழி

எங்கள் ஆயா காலை நீட்டிப் படுத்தால் போதும், வீட்டுப் பூனை வந்து கட்டைவிரலைக் கவ்வும். போர்வைக்குள் கால் அசைந்தாலும் பாயும். ஒருநாள் ரத்தம் வந்துவிட்டது. அப்பா பூனையைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டார். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். எனக்குப் பத்து வயது.

அப்போது வருத்தமில்லை. வகுப்பில் ஆசிரியர் எங்களுக்குச் சொல்வதெழுதலாகக் கொடுத்தது பூஃபோன் பூனையைப் பற்றி எழுதிய பகுதி. படித்தவரே சொல்லிவிட்டார், பிறகென்ன?

பூஃபோன் சாதாரண ஆள் இல்லை. பாரிஸில் அரசரின் தாவரத் தோட்டத்தை நிர்வகித்தவர். 1749இல் தொடங்கிப் பல தொகுதிகளாக ‘இயற்கை வரலாறு’ வெளியிட்டார். அதில் நாயை வானளாவப் புகழ்ந்தவர், 1756இல் வந்த ஆறாம் தொகுதியில் பூனைக்கு விசுவாசமே கிடையாது, கள்ளத்தனம் அதன் பிறவிக்குணம் என்று தீர்த்துவிட்டார். அரசு அலுவலகத்தில் ஒரு கடைநிலை ஊழியரை நீக்குவதென்றால்கூட முதலில் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டும். பூனைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அந்த விளக்கத்தைக் கேட்டவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய ஆய்வாளர் பால் லைஹௌசன். பூனைகளின் நடத்தையைக் கூர்ந்து கவனித்து 1956இல் நூல் வெளியிட்டார். ஒரு பூனைக்கு அடுத்தடுத்து எலிகளைக் கொடுத்தால் முதலில் தின்பதை நிறுத்தும். பிறகு கொல்வதை நிறுத்தும். ஆனாலும் பதுங்குவதும் பிடிப்பதும் தொடரும். அதாவது, பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். வீட்டில் எலி இல்லாதபோது போர்வைக்கடியில் அசையும் கால்விரல்தான் அதற்கு எலி. அதுவும் விடியலிலும் அந்தியிலும்தான் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். நாம் படுத்திருக்கும் நேரம்!

இன்னொரு காரணமும் உண்டு. குட்டிகள் தமக்குள் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்கின்றன. சீக்கிரமே தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. போதாததற்கு, குட்டியாக இருக்கும்போது நாமே கையையும் காலையும் ஆட்டி விளையாட்டுக் காட்டுகிறோம். ஆயாவின் காலை ஆட்டிக் காட்டிப் பழக்கியவர்கள் நாங்கள் பிள்ளைகள்தான்.

இந்த வேட்டைக்குணத்துக்காகத்தானே மனிதன் பூனையைச் சேர்த்துக்கொண்டான்? சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதக் குழியின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ழான் தெனி வீஞ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2004இல் அறிவித்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். தானியத்தைக் காத்த அதே பல்தான் ஆயாவின் விரலையும் கடித்தது.

அதற்காகக் கடியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வயதில் பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு, கால் மரத்திருக்கும், காயம் தெரியாது. பூனைப்பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், சீழ் பிடிக்கும். பல் பட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி இதற்கும் தேவைப்படும்.

பூனையை அடிக்காதீர்கள். கவ்வினால் காலை வெடுக்கென்று இழுக்காமல் அசையாமல் இருங்கள், இழுத்தால் எலி ஓடுகிறது என்றுதான் நினைக்கும். படுக்கப் போகுமுன் ஒரு கயிற்றில் துணியைக் கட்டி இழுத்து ஓடவிட்டு, பிறகு சாப்பாடு கொடுங்கள். வேட்டை முடிந்து, வயிறும் நிறைந்தால் தூங்கிவிடும்.

பேத்தி வீட்டுப் பூனைக்கு இப்போது இரவு எட்டரை மணிக்குக் கயிறு இழுப்பவன் நான்தான். அறுபது வருஷத்துக்குமுன் அந்தக் கோணிப்பைக்குள் அது கத்தியதும் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.